உந்துபியலிப் பொதி: பெயர் சரி, உள்ளே கலப்பு

பதுளை நகரத்து நாட்டு மருந்துக்கடை ஒன்றில் விற்கும் 50 கிராம் உந்துபியலிப் பொதி இது. உந்துபியலி என்பது சிங்களப் பெயர், தமிழில் சிறுபுள்ளடி. ஒட்டுத்தாளில் டெஸ்மோடியம் ட்ரைபுளோரம் என்று தாவரவியல் பெயரும் அச்சாகியிருக்கிறது. அதில் பிழையில்லை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஹெடிசாரம் பேரினத்தில் வைத்த செடியை, இன்னொரு தாவரவியலாளரான டி கண்டோல் 1825இல் டெஸ்மோடியத்துக்கு மாற்றினார். 2018 முதல் குரோனா ட்ரைபுளோரா என்றும் எழுதுகிறார்கள். மூன்று பெயருக்கும் செடி ஒன்றுதான், அவரைக் குடும்பம். வெறும் ஊர்ப்பெயரோடு நிற்காமல் தாவரவியல் பெயரையும் போட்டதற்குக் கடைக்காரரைப் பாராட்ட வேண்டும்.

குறை உள்ளே இருக்கிறது. கடும் வெயிலில் காய வைத்ததால் சிற்றிலைகள் காம்பை விட்டு உதிர்ந்து பாதி தூளாகிவிட்டது. தூளை வைத்து எந்தச் செடி என்று சொல்ல முடியாது. தண்டோடு இலை ஒட்டியிருக்கும் துண்டுகளைப் பொறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊசியால் விரித்து, 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பார்க்க வேண்டும். கொதிநீரில் போட்டால் இலை குழைந்து கிழியும்.

இலை ஒவ்வொன்றிலும் மூன்று சிற்றிலைகள். முதலில் நடுச் சிற்றிலையைப் பாருங்கள். சிறுபுள்ளடியில் பக்கத்து இரண்டும் சற்றுக் கீழேயே பிரிந்துவிடும். நடுவிலுள்ளது தள்ளி, தனிக் காம்பில் நிற்கும். இதைப் போலவே தோன்றும் புளிப்புக் கீரையான புளியாரையில் மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். இந்தப் பொதியில் புளியாரை தாராளமாகவே கலந்திருக்கிறது. இரண்டுக்கும் சிற்றிலை நுனி உள்வாங்கியிருக்கும், இரண்டும் தரையோடு படர்ந்து கணுவில் வேர்விடும், ஒரே புல்தரையில் பின்னிக் கிடக்கும். கைநிறையப் பிடுங்கினால் சேர்ந்துதான் வரும். பச்சையில் புளிப்புச் சுவையே காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த பிறகு கண்தான் துணை. நுவரெலியாப் பக்கத்துச் சரக்கென்றால் மூன்று சிற்றிலை கொண்ட இன்னொரு படர்செடியான வெள்ளைக் குளோவரையும் கவனிக்க வேண்டும். அதன் இலை விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு. சிறுபுள்ளடியின் விளிம்பு மழமழப்பானது.

காய் கிடைத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட தட்டைக் காய், பெரும்பாலும் 3 முதல் 5 துண்டங்கள். மேல்விளிம்பு நேராக ஓடும், கீழ்விளிம்பு துண்டத்துக்குத் துண்டம் உள்வாங்கும். மேலே கொக்கி போன்ற மயிர், துணியில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். புளியாரைக் காயோ ஐந்து பட்டையுள்ள, நிமிர்ந்த சிறு உருளை.

இந்தப் பொதியில் காய் மிகக் குறைவு, வேரில் மண் அதிகம். அந்த மண்ணும் 50 கிராமில் சேர்ந்தே நிறுக்கப்பட்டிருக்கிறது. காய் பிடித்த கொடியாகப் பார்த்துப் பிடுங்கி, அங்கேயே புளியாரையைப் பிரித்து, அலசி, நிழலில் உலர்த்தினால் இலை தண்டிலேயே நிற்கும். அதுவரை தூள் மிகுந்த பொதியை வாங்க வேண்டாம். கட்டாகக் கட்டிய முழுக்கொடி இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.