ஸ்டியரிங்குக்குத் தோல் தைக்க வந்தவர் ஏர்பேக்கை ஊமையாக்கிவிட்டுப் போன கதை

கும்பகோணம் – மன்னார்குடி ரோட்டுப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் போன சித்திரைக்குப் பிறகு யாரையாவது வீட்டுக்கு வரவழைத்து ஸ்டியரிங்குக்குத் தோல் போட்டவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வலங்கைமான் பக்கம் உரக்கடை. வண்டி 2014 மாடல் டீசல். அப்போதெல்லாம் ஏர்பேக் எல்லா வண்டியிலும் வராது. ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம் என்று ஆனதே 2019 ஜூலையில்தான். பிள்ளைகளை வைத்து ஓட்டுகிறோமே என்று கூடுதலாகப் பணம் கட்டி, ஏர்பேக் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கியவன் நான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

உரமூட்டையைத் தொட்ட கையும் வியர்வையுமாகப் பத்து வருஷம் பிடித்த ஸ்டியரிங் எப்படி இருக்கும்? மேல்பக்கம் தோல் உரிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் நார் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டால் பிசுபிசுக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் கட்டைவிரல் தானாகப் போய் அந்த உரிசலை நோண்டும். அந்தக் கேட்டில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், நோண்டுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று.

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டுக்கே வந்து செய்வோம், ஒரிஜினல் லெதர், கைத்தையல், 4,500 ரூபாய். கூப்பிட்டேன். சொன்ன நேரத்துக்கு வந்தார், பேச்சும் மரியாதையாக இருந்தது. பத்தே நிமிஷத்தில் ஏர்பேக்கைக் கழற்றி, கவிழ்த்துத் திண்ணையில் வைத்தார். அடுத்து ஸ்டியரிங்கும் கையில் வந்துவிட்டது. பானெட்டைத் திறக்கவே இல்லை.

“பேட்டரிய கழட்ட வேணாமா தம்பி?”

“இந்த வண்டிக்குத் தேவையில்ல சார். ஒரு நாளைக்கு நாலு வண்டி பாக்குறேன்.”

நாலு வண்டி பார்க்கிறவரிடம் உரக்கடைக்காரன் என்ன பேசுவது? காபி போடச் சொல்ல உள்ளே போனேன். திரும்பி வந்தபோது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு பிளாஸ்டிக் பாகம் தெரிந்தது. பேச்சுவாக்கில் அதை ஒரு விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார், பிள்ளைகள் பம்பரத்தை உருட்டுகிற மாதிரி. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் வண்டிக்குப் பிடித்த சனியன் அந்த விரல்தான் என்று அப்போது தெரியவில்லை.

சாயங்காலம் கறுப்புத் தோல், சிவப்பு நூல் தையல் என்று ஸ்டியரிங் பளபளவென்று இருந்தது. ரோடு நேராக இருந்தாலும் ஸ்டியரிங் மட்டும் ஒரு பல் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. “ஓட ஓட சரியாயிடும் சார்” என்றார். இரும்பு எப்படி ஓட ஓடச் சரியாகும்? அதையும் நான் கேட்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆலங்குடி குரு கோயில் பக்கம் மாட்டிக்கொண்டேன். கூட்டத்துக்கு நடுவே வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. எதிரே பூக்கூடையோடு வந்த அம்மாவுக்கு ஹார்ன் அடித்தால் சத்தம் வரவில்லை. நேராக்கிப் பிடித்து அடித்தால் வருகிறது, வலப்பக்கம் ஒடித்தால் நின்றுவிடுகிறது.

மறுபடி அவரையே கூப்பிட்டேன். “சென்சார்ல ஈரம் பூந்திருக்கும் சார்” என்றார். அக்கினி நட்சத்திரத்தில் ஈரம்! குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதோ செய்தார், இருபது நிமிஷம். விளக்கு அணைந்துவிட்டது. 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஹார்னைக் கேட்டதற்கு, “ரிலே பழசு சார், மெதுவா மாத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து தானே அணைய வேண்டும், அதுதான் சரி என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் அணைந்தது. நிம்மதியாக இரண்டு மாதம் ஓட்டினேன்.

வைகாசி வெயிலில் கடைவாசலில் நிறுத்தி எடுத்தால் அந்தத் தோல் கையோடு சேர்ந்து வழுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இருக்க, உறை மட்டும் விரலளவு நகர்கிறது. திருப்பத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். ஆடியில் மச்சான் வந்திருந்தான், வீட்டுக்காரியின் தம்பி. மன்னார்குடிக்காரன், பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் வருஷக்கணக்கில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன். தையலை ஓர் இடத்தில் அறுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் துணி நெசவு தெரிந்தது. ஒரு துண்டைக் கொளுத்தினான். தோலாக இருந்தால் மயிர் கருகுகிற வாடை வரும். இது பிளாஸ்டிக் பை மாதிரி உருகிச் சொட்டியது. சுத்த ரெக்ஸின். பழைய தோலை எடுக்காமல், அழுக்கைக்கூடத் துடைக்காமல், அதன்மேலேயே ரப்பர் பசையைத் தடவி ஒட்டியிருந்தார். சூட்டில் பசை இளகியதால்தான் அந்த வழுக்கல்.

இதோடு போயிருந்தால் 4,500 ரூபாய் தண்டம் என்று தலைமுழுகியிருப்பேன், எழுதியிருக்க மாட்டேன். ஹார்ன் கதையைக் கேட்டதும் மச்சான் முகம் மாறியது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் எதையும் தொடவில்லை. ஏர்பேக்குக்கான பெட்டியில் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்குமாம். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான்.

“மாமா, இங்க வந்து பாருங்க.”

ஏர்பேக் ஒயர் எந்த வண்டியிலும் பெரும்பாலும் மஞ்சள் கனெக்டரில்தான் வரும். அந்த மஞ்சள் கனெக்டர் பிடுங்கிக் கிடந்தது. வண்டிப் பக்கத்து வாயில் கறுப்பு டேப் சுற்றி, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. டேப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு ரெசிஸ்டர், கரண்ட் ஓட்டத்தைத் தடுக்கிற சின்னச் சாமான். சிவப்பு, சிவப்பு, தங்கம், தங்கம் என்று நாலு கோடு. அந்த நிறங்கள் சொல்கிற தடை அளவு 2.2 ஓம். ரேடியோ சாமான் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது.

மச்சான் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அவர் விரலால் சுற்றிய பாகத்துக்குப் பெயர் கிளாக் ஸ்பிரிங். சிலர் ஸ்பைரல் கேபிள் என்பார்கள். ஸ்டியரிங் சுழலும், ஒயர் சுழல முடியாது. அதனால் நாடா மாதிரி தட்டையான ஒரு கேபிளைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஹார்ன், ஏர்பேக், ஸ்டியரிங்கில் இருக்கிற பட்டன் எல்லாம் அந்த நாடா வழியாகத்தான் போகும். இரண்டு பக்கமும் இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. ஸ்டியரிங் கழற்றியிருக்கும்போது அதைச் சுற்றிவிட்டு, நடுவுக்குக் கொண்டுவராமல் மாட்டினால், ஒரு பக்கம் நாடா பற்றாது. கடைசிவரை ஒடிக்கும்போது அறுந்துவிடும். ஆலங்குடியில் கேட்ட ‘டக்’ அதுதான்.

நாடா அறுந்ததும் ஏர்பேக் இணைப்பு போய்விட்டது என்று கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது. ஏர்பேக் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்ப்பது அந்தச் சுற்றின் ரெசிஸ்டன்ஸை வைத்து, ஏறத்தாழ 2 ஓம். அந்த இடத்தில் ரெசிஸ்டரைச் செருகினால், ஏர்பேக் இருக்கிறது என்று நம்பி விளக்கை அணைத்துவிடும். மோதினால் வெடிக்கச் சொல்லும் உத்தரவு அந்தச் சின்ன ரெசிஸ்டருக்குப் போகும், ஏர்பேக்குக்கு வராது. ரெக்ஸினைத் தோல் என்று சொன்னது காசுத் திருட்டு. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு மாதம் பிள்ளைகளை உட்காரவைத்து அந்த வண்டியைத்தான் ஓட்டியிருக்கிறேன்.

புது கிளாக் ஸ்பிரிங் 5,400 ரூபாய் ஆனது. மச்சானே மாட்டினான். சக்கரங்களை நேராக வைத்தான், ஏர்பேக்கை வெளிமுகம் மேலே இருக்கும்படி வைத்தான். கவிழ்த்து வைத்து அது தப்பித்தவறி வெடித்தால் மொத்தமும் மேலே பறந்து வரும். நடு நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரை விட்டுத்தான் ஸ்டியரிங்கை ஆட்டி இழுத்தான். இல்லையென்றால் திடீரென்று விடுபட்டு மூஞ்சியில் அடிக்குமாம். எடுக்கும் முன் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு. அந்த ஒரு கோட்டைப் போடாததால்தான் முன்பு சாய்ந்து நின்றது. மீட்டரை ஏர்பேக்கில் வைத்து மட்டும் எதையும் சோதிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். கையில் தெரிந்த ஆள் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுங்கள். தோல் வேலையை வேண்டுமானால் வீட்டில் செய்துகொள்ளலாம். ரெக்ஸினையும் பசையையும் நீக்கிவிட்டு, அளவுக்கு வெட்டித் துளை போட்ட நிஜத் தோலை, மெழுகு நூலும் இரண்டு ஊசியுமாகத் திண்ணையில் உட்கார்ந்து நானே தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. தையல் கோணல்தான். வழுக்கவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். “லைட் எரியலைல்ல சார், அப்புறம் என்ன?” என்றார். இப்போது எடுப்பதில்லை. பில் வாங்காதது என் முட்டாள்தனம். பணம் அனுப்பிய ரசீதும், வாட்ஸ்அப்பில் ‘ஒரிஜினல் லெதர்’ என்று அவர் எழுதியதும், டேப் முடிச்சின் படமும் இருக்கின்றன. 1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் வண்டியில் யாராவது இப்படிக் கை வைத்திருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹார்னை விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திருப்புங்கள். எங்காவது சத்தம் நின்றாலோ, ஸ்டியரிங்கில் இருக்கிற பாட்டு பட்டன் வேலை செய்யாவிட்டாலோ, ஏர்பேக் விளக்கு அணைந்திருப்பதை நம்பாதீர்கள். சர்வீஸ் சென்டரில் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழ் மூடியைத் திறந்து மஞ்சள் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்.