60 லிட்டர் பையும் தெற்கு மாசி வீதித் தையல்கார அண்ணனும்

மலையேறப் பை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்றுதான். நானும் அப்படிக் கேட்டுத்தான் போன வருடம் மதுரையில் ஒரு கடையில் 3,400 ரூபாய்க்கு 60 லிட்டர் பை வாங்கினேன். அந்தப் பைக்கு ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன். அதைப் பிரித்து எனக்கு ஏற்ற மாதிரி தைத்துக் கொடுத்த தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சின்னக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் சார், நாடாவை இழுத்துக்கிட்டா சரியாயிரும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டையும் இரண்டு லிட்டர் தண்ணீரையும் உள்ளே வைத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போய், சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் வரைக்கும் ஏறினேன். பாதி ஏறுவதற்குள் தோள் இரண்டும் கயிறு கட்டி இறுக்கின மாதிரி ஆகிவிட்டது. இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பில் உட்காராமல் கீழே சரிந்து, படிக்குப் படி தொடையைத் தூக்கவிடாமல் பிடித்தது. சுமையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும், தோள் வார் பையை முதுகோடு அணைத்து வைத்தால் போதும். எனக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது.

காரணம் முதுகு நீளம். குனிந்தால் கழுத்துக்குப் பின்னால் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும், அங்கே டேப்பை வைக்க வேண்டும். அப்புறம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றால் கட்டைவிரல்கள் முதுகில் எந்தக் கோட்டில் வருகிறதோ அதுவரை அளக்க வேண்டும். எனக்கு 44 சென்டிமீட்டர் வந்தது, என்னைவிடக் குட்டையான என் மச்சானுக்கு 48. ஆளின் உயரத்தை வைத்து இதைச் சொல்லவே முடியாது. அந்தப் பையில் தோள் வார் தைத்த இடத்திலிருந்து இடுப்பு பெல்ட் வரை 50 இருந்தது, கூட்டிக் குறைக்கவும் வழியில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போய்க் கேட்டேன், பில் போட்டாச்சு என்று முடித்துவிட்டார்கள்.

தையல் கடை அண்ணன் அதிகமும் தைப்பது பள்ளிக்கூடப் பையும் பயணப் பையும்தான். விஷயத்தைச் சொன்னதும், "கனத்தோட மாட்டிக்கிட்டு நில்லுங்க தம்பி" என்று அந்த அரிசியோடேயே என்னை நிற்க வைத்து, பெல்ட்டை இடுப்பெலும்பில் இறுக்கச் சொல்லி, தோள் வார் எங்கே வர வேண்டுமோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டார். பழைய இடத்திலிருந்து சரியாக ஆறு சென்டிமீட்டர் கீழே. வாரைப் பிரித்து வெறும் துணியில் தைத்தால், தையல் நிற்கும், துணி கிழிந்துவிடும் என்று சொல்லி, பழைய கார் சீட் பெல்ட்டில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கம் குறுக்கே கொடுத்தார். அதன்மேல் மெழுகு தேய்த்த நைலான் நூலில் சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல். அந்தத் தையல்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு நெருக்கம். வார் இறங்கியதால், தோளுக்கு மேலிருந்து பைக்குப் போகிற மெல்லிய நாடாவும் கிட்டத்தட்ட 45 டிகிரிச் சாய்வுக்கு வந்துவிட்டது. அந்த நாடாவை இழுத்தால்தான் ஏற்றத்தில் பை பின்னால் சாயாது.

இடுப்பு பெல்ட்டைப் பிரித்தால் உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். நனைத்துப் பிழிந்து காட்டினார், தரையில் தண்ணீர் சொட்டியது. வியர்வையும் இப்படித்தான் உள்ளேயே தங்கும், கனம் ஏறினால் நசுங்கித் தட்டையாகவும் ஆகிவிடும். பழைய யோகா பாயை வெட்டி இரண்டு அடுக்காக வைத்துத் தைத்தோம், அது தண்ணீர் குடிக்காத ஃபோம். ஜிப்புக்குப் புது ரன்னரும் போட்டு எல்லாமாகச் சேர்த்து 450 ரூபாய்தான் வாங்கினார்.

மே மாதம் உத்தராகண்டில் சாங்க்ரி என்ற மலைக்கிராமத்திலிருந்து ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு நடந்து போய் வந்தோம். என் எடை 65 கிலோ, சுமை 13 கிலோ, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஏற்றவில்லை. கனமான சாமான்களை முதுகை ஒட்டி நடுவில் வைத்தேன். நாள் முழுக்க நடந்தும் தோளில் ஒரு தடிப்பு இல்லை, தைத்த இடத்தில் ஒரு நூல் நகரவில்லை. மழை பெய்த அன்று மட்டும் ஊசித் துளை வழியாக உள்ளே கொஞ்சம் ஈரம் வந்தது. மழை உறை போட்டிருந்தாலும் முதுகுப் பக்கம் திறந்துதானே இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் துணிகளை வைத்திருந்ததால் பிழைத்தேன். அது இல்லாமல் யாரும் கிளம்பாதீர்கள்.

தொங்குகிற நாடாவை எல்லாம் வெட்டி எடை குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். குளிரில் தடித்த ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டும்போது அந்த நீளம் வேண்டும். ஒரு சாண் விட்டுவிட்டு வெட்டி, நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள், பிரியாது.

அண்ணன் கடைக்குப் போவதானால் சாமானோடு, நீங்கள் தூக்கப்போகிற முழுக் கனத்தோடு போங்கள். ஜூன் முதல் வாரம் வேண்டாம், பள்ளிக்கூடப் பைகள் மலையாகக் குவிந்து கிடக்கும். சித்திரைத் தேரோட்டத்தன்றும் வேண்டாம், மாசி வீதியில் கால் வைக்க முடியாது. மற்ற நாளில் கொடுத்தால் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.