வயர் மாறினாலும் மெயில் போகணும்: தண்டர்பேர்டோடு என் அனுபவம்

ஈரோட்டில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். சொந்த டொமைனில் மெயில், லேப்டாப்பில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள், 2016-லிருந்து இதுதான் ஓடுகிறது. மென்பொருளைப் பற்றி எனக்குப் பெரிதாகக் குறை கிடையாது. தேடல் வேகம், பழைய மெயில்கள் எல்லாம் என் டிஸ்கிலேயே இருக்கின்றன, காசும் கேட்பதில்லை. நான் திண்டாடியது ஒரே ஒரு விஷயத்தில்: நெட் கனெக்ஷனை மாற்றினால் மெயில் வரும், ஆனால் போகாது.

2018-ல் பழைய கனெக்ஷனை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்த ஃபைபருக்கு மாறினேன். மாறிய வாரமே 20-ஆம் தேதி வந்தது. ஜிஎஸ்டியின் மாதக் கணக்கான 3பி கட்டக் கடைசி நாள். "சார், சலான் இன்னும் வரலையே" என்று பார்ட்டி ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். எனக்கோ அவருடைய மெயில்கள் எல்லாம் வந்து குவிகின்றன. என் பதில் மட்டும் 550, ரிலே மறுப்பு, அதாவது உன் மெயிலை வெளியே கடத்தமாட்டேன் என்று திரும்பி வந்து நிற்கிறது. ஃபைபர் போட்ட தம்பியைக் கூப்பிட்டேன். "அண்ணே, யூடியூப் ஓடுதுல்ல? அப்போ நெட் நல்லாத்தான் இருக்கு" என்றான். அன்றைக்குச் சலானை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தப்பித்தேன்.

கோளாறு என் செட்டிங்கில்தான். பழைய கம்பெனி கொடுத்த அனுப்பும் சர்வரையே இரண்டு வருடமாக வைத்திருந்தேன். அது பாஸ்வேர்ட் எதுவும் கேட்காது. தங்கள் வயர் வழியாக வருகிறவன் தங்கள் ஆள் என்பதுதான் அதன் கணக்கு. வயர் மாறியதும் நான் அந்நியன் ஆகிவிட்டேன்.

புதுக் கம்பெனியின் கஸ்டமர் கேரில் "எங்க சர்வரைப் போட்டுக்கோங்க" என்றார்கள். போட்டேன், மெயில் போனது. ஆனால் பாதிப் பேருக்கு ஸ்பாமில் விழுந்தது. என் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அந்த சர்வர் இல்லையே, ஜிமெயில் எப்படி நம்பும்?

பிறகுதான் டொமைன் மெயில் தருகிறவர்களின் சர்வரையே அனுப்புவதற்கும் போட்டேன், போர்ட் (சர்வருக்குள் நுழையும் வாசல் எண்) 25. இந்தத் தடவை மறுப்புகூட வரவில்லை. பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் டைம்அவுட். மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதை.

ராத்திரி மச்சான் வந்தான், நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். சர்வரின் வாசல் திறக்கிறதா என்று தட்டிப் பார்க்க உதவும் டெல்நெட்டை விண்டோஸில் முதலில் ஆன் செய்யவேண்டியிருந்தது. கறுப்புத் திரையில் சர்வர் பெயரும் 25-உம் அடித்தான். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதே பெயருக்கு 587 அடித்தான். எண்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் 220, அதாவது சர்வர் தயார் என்று ஒரு வரி வந்து விழுந்தது. "பாத்தீங்களா மாமா, சர்வர் உசுரோட தான் இருக்கு. வழியைத்தான் அடைச்சு வெச்சிருக்கான்."

அடைத்ததில் நியாயம் உண்டு. 1982-ல் மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபி எழுதப்பட்டபோது அதில் பாஸ்வேர்டே கிடையாது. பின்னாளில் வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் 25 வழியாக ஸ்பாமைக் கொட்ட ஆரம்பித்ததும், பல கம்பெனிகள் வீட்டு இணைப்புகளில் அந்த வழியையே மூடிவிட்டன. நம்மைப் போல மெயில் அனுப்புகிறவர்களுக்கென்றே 1998-ல் 587 ஒதுக்கப்பட்டது. 465 என்று இன்னொரு போர்ட், அதன் கதை வேறு: கொடுத்தார்கள், பிடுங்கினார்கள், 2018-ல் திரும்பவும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

தண்டர்பேர்டில் இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் சுற்று. அக்கவுண்ட் செட்டிங்ஸில் இடது பக்கப் பட்டியலின் அடியில், வரும் மெயிலோடு சேராமல் தனியாக, அனுப்பும் சர்வர் இருக்கும். அதில் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் முறை), நார்மல் பாஸ்வேர்ட், பயனர் பெயருக்கு முழு மெயில் முகவரி. இவ்வளவுதான். அன்றிலிருந்து வீடு, ஆபீஸ், ஹாட்ஸ்பாட் எங்கிருந்தும் ஒரே செட்டிங். ஒரே ஒரு லாட்ஜ் வைஃபையில் மட்டும் 587-உம் அடைபட்டிருந்தது. 465-க்கு மாற்றி, பாதுகாப்பை எஸ்எஸ்எல் என்று வைத்ததும் போனது.

இப்போது யாராவது "மெயில் போகலை" என்றால் முதலில் என்ன எழுதிக் காட்டுகிறது என்றுதான் கேட்கிறேன். டைம்அவுட் என்றால் பெரும்பாலும் வழி அடைப்பு. ரிலே மறுப்பு என்றால் சர்வர் வரைக்கும் போய்விட்டது, அங்கே நீங்கள் யாரென்று தெரியவில்லை. 535 என்றால் பாஸ்வேர்டைப் பாருங்கள், நெட்காரனைத் திட்டாதீர்கள். 2022 மே மாதக் கடைசியில் ஜிமெயில் வெறும் பாஸ்வேர்டை ஏற்பதை நிறுத்தியபோது என் மனைவியின் கணக்கும் இப்படித்தான் நின்றது; அங்கீகார முறையை ஓஆத்2 (கூகுள் பக்கத்திலேயே உள்நுழைந்து அனுமதி தருவது) என்று மாற்றினோம், சரியாயிற்று.

போன மாதம் மூன்றாவது முறையாகக் கனெக்ஷன் மாற்றினேன். வந்த பையன் யூடியூபைப் போட்டுக் காட்டி "ஓகேவா சார்?" என்றான். கொஞ்சம் இருப்பா என்று சொல்லிவிட்டு, எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்து, அது வந்து சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.