மலையில் கேமராவை நம்பிப் பிழைக்க: கல்யாணமா, காட்டேஜா, காடா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போட்டோகிராபியைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று கல்யாண வேலை. இன்னொன்று ஹோம்ஸ்டே, ரிசார்ட், தேயிலைக் கம்பெனி மாதிரியான வணிக வேலை, சுருக்கமாகக் காட்டேஜ் வேலை. மூன்றாவது காட்டுயிர்ப் படம். முன்பு நாலாவதாக ஒன்றும் இருந்தது: பொட்டானிக்கல் கார்டனிலும் படகு இல்லத்திலும் டூரிஸ்ட்டுகளை நிறுத்திப் படமெடுத்து உடனே பிரின்ட் போட்டுக் கொடுப்பது. இப்போது அதை நம்பிப் புதிதாக யாரும் இறங்க வேண்டாம். சீசன் கூட்டம் எவ்வளவு வந்தாலும் ஆளுக்கொரு செல்போன் கையில் இருக்கிறது. 1960இல் தொடங்கப்பட்டு, பிறகு 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலை இதே ஊட்டியில்தான் இருந்தது. ஆலையை மூடிவிட்டார்கள், இந்து நகர் என்ற பெயர் மிச்சம் இருக்கிறது. தொழில் மாறும்போது கூடவே மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வருஷங்களில் கல்யாணமும் காட்டேஜும் சேர்ந்துதான் சோறு போடும். காட்டை அதற்குப் பிறகு கையில் எடுங்கள்.

கல்யாண வேலையில் உங்களுக்குப் போட்டி பக்கத்துத் தெரு ஸ்டூடியோ இல்லை. கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஐந்தாறு பேராக மேலே ஏறி வரும் டீம்கள்தான். அவர்களிடம் ஆள்பலம் உண்டு, விலையைக் குறைக்கவும் முடியும். விலையில் அவர்களோடு மோதாதீர்கள். மலை வெளிச்சத்தில் அவர்களுக்குப் பழக்கம் குறைவு, நமக்கு அதிகம். அங்கேதான் ஜெயிக்க முடியும்.

ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடுத்தி வட்டமாக நின்று ஆடுகிறார்கள், பின்னால் முழுக்க மூடுபனி. கேமரா மீட்டர் இந்த வெள்ளையெல்லாம் பார்த்துவிட்டு வெளிச்சம் ஜாஸ்தி என்று நினைத்து இருட்டாக்கிவிடும். முகமெல்லாம் சாம்பல் பூசினதுபோல் வரும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி, ஏற்ற வேண்டும். ஏற்றினால் துணியின் மடிப்பு வெளுத்துப் போகும் ஆபத்து இருக்கிறது, அதனால் கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தில் ஒரு கண் இருக்க வேண்டும். பனிக்குள் ஆட்டோபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடும். முகத்தைவிட, தலைப்பாகையின் ஓரம் மாதிரி கோடு தெளிவாக இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் சட்டென்று நிற்கும். அடுத்து, வாசல் குளிரிலிருந்து ஆட்களும் அடுப்பும் நிறைந்த வீட்டுக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். சடங்கு உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு கேமரா எப்போதும் உள்ளேயே இருக்க வேண்டும், வெளியே இன்னொன்று. இந்த விஷயங்களை மண்டபத்து லைட்டில் மட்டுமே எடுத்துப் பழகியவரால் ஒரே நாளில் பிடிக்க முடியாது.

கல்யாணத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. ஒரு வீட்டு ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அத்தை வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் கூப்பிடுவார்கள். விளம்பரத்துக்குக் காசு செலவில்லை. பலவீனமும் அதே அளவு: ஆடியிலும் மார்கழியிலும் வேலை கிடையாது, மழை மாதங்களில் இழுபறி. ஒரு நாள் படமெடுத்தால் பல நாள் எடிட்டிங்கில் உட்கார வேண்டும், அந்த நாட்களையும் கூலியில் சேர்க்காதவர்கள்தான் முதலில் தொழிலை விடுகிறார்கள். ஆல்பம் கைக்குப் போகும் முன் மீதித் தொகையை வாங்கிவிடுங்கள். தெரிந்தவர்கள் என்பதால் கேட்கத் தயங்குவோம், தயங்காதீர்கள்.

கல்யாணம் விட்ட இடைவெளியைக் காட்டேஜ் வேலை நிரப்பும். ஏப்ரல், மே சீசனுக்கு முன்னால் மாசி, பங்குனியிலும், செப்டம்பர் சீசனுக்கு முன்னால் ஆடியிலும் முதலாளிகளுக்குப் புதுப் படம் தேவைப்படும். கொடைக்கானல், வட்டக்கானல், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுவே முதல் வழியாக இருக்கலாம். அங்கே தங்கும் இடங்கள் அவ்வளவு இருக்கின்றன. அறைப் படத்தில் விற்பது கட்டில் இல்லை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்கு. அறைக்கு வெளிச்சம் வைத்தால் ஜன்னல் வெளுத்துவிடும், ஜன்னலுக்கு வைத்தால் அறை இருண்டுவிடும். டிரைபாடில் நிறுத்தி, வெளிச்சம் மாற்றி மூன்று படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். சுவர்க்கோடுகள் சாயாமல் நேராக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதிலும் காலையில், பனி ஏறும் முன்னால். மத்தியானம் வந்து எடுத்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டால் வெள்ளைத் திரைதான் படமாகும்.

இந்த வேலையில் அடிக்கடி வரும் பேச்சு: "ரெண்டு நாள் ரூம் தர்றோம், தங்கி எடுத்துக் குடுங்க." உள்ளூர்க்காரனுக்கு ரூம் எதற்கு? மரியாதையாக மறுத்துவிடுங்கள். சட்டத்திலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்தான் முதல் உரிமையாளர். கல்யாணத்துக்கும் இதுதான். உங்கள் போர்ட்போலியோவில் போடவும், அதே படத்தைப் பின்னால் வேறு இடத்துக்கு விற்கவும் உரிமை வேண்டுமானால் எழுதி வாங்குங்கள். அரைப்பக்கம் போதும்.

இனி காடு. முதுமலை 1940இலேயே சரணாலயம், 2007இல் புலிகள் காப்பகம். இயற்கை எழுத்தாளரும் காட்டுயிர்ப் படக்காரருமான மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்த மண். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வருமானம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் கடைசி. சுற்றுலா வேனில் போய் எடுக்கலாம். அதைத் தாண்டிக் காப்பகத்துக்குள் தொழிலாகப் படமெடுக்க 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உள்ளே டிரோன் கூடவே கூடாது. நீள லென்ஸ் ஒன்றுக்கே லட்சக்கணக்கில் போகும். எடுத்த படத்தை வாங்குகிறவர்கள் கொஞ்சம், வரையாட்டுப் படத்தை இலவசமாகக் கொடுக்கிறவர்கள் ஏராளம். இதில் நிலைத்தவர்களில் பலருக்குப் பயிற்சி முகாம், வழிகாட்டி வேலை, ஆய்வாளர்களுக்கான ஆவணப்பணி என்று வேறு வருமானம் இருக்கும்.

ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நிற்பதும், அதே பாதையில் பள்ளிப் பிள்ளைகள் போவதும் நமக்கு அன்றாடம். அதைப் பல வருஷம் தொடர்ந்து பதிவு செய்ய வெளியூர்க்காரரால் முடியாது. குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. அந்தச் சமயம் கையில் தொழிலும், அனுமதிக்கு எழுதிக் காட்டப் பழைய வேலையும் இருக்கிறவருக்குப் பெரிய கதவு திறக்கும். அதுவரை கல்யாணமும் காட்டேஜும் தாங்கட்டும்.

கருவிக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஒரு 24-70 எம்எம் ஜூம் லென்ஸ் கல்யாணத்துக்கும் ஆகும், காட்டேஜுக்கும் பெரும்பாலும் ஆகும். அகல லென்ஸைத் தேவைப்படும் நாளில் கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுக்கலாம். 600 எம்எம் லென்ஸ் இந்த இரண்டுக்குமே உதவாது. முதல் அட்வான்ஸ் வந்ததும் புது லென்ஸுக்கு ஓடாமல், ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்குங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.