துருப்பிடித்த நட்டைக் கழற்றத் தெரியாதவர்களிடம் ரூ.14,500 போனது

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் வாசலிலோ தோட்டத்திலோ பழைய இரும்பு பெஞ்சு வைத்திருப்பவர்கள், அதைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து எடுத்துச் சென்று புதுப்பித்துத் தருவதாகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் செய்யும் ஒரு பட்டறைக்கு ரூ.14,500 கொடுத்தேன். அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்த வேலை, எங்கள் பெஞ்சின் காலை உடைத்து, உடைந்த இடத்தின்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்ததுதான்.

பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் வார்ப்பிரும்புக் கால்கள். நடுவில் தேக்கு ரீப்பர்கள். ரீப்பர்களைக் காலோடு பிடித்திருந்தவை, தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் இருக்கும் பழைய காலத்துப் போல்ட்டுகள். கடற்காற்றின் உப்பும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து அடியிலிருந்த நட்டுகளை ஒரே கட்டியாக்கியிருந்தன. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால், அது மரையின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு நட்டை இறுக்கிவிடும். அப்படி இறுகியதை முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் முறியும்; இல்லையென்றால் அதன் சதுரக் கழுத்து மரத்துக்குள் சுற்றி, ரீப்பரின் ஓட்டையைக் கெடுத்துவிடும்.

இவ்வளவும் எனக்குச் சொன்னவரே பட்டறையிலிருந்து வந்த அந்த மனிதர்தான். பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டு, ஒரு நட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரை தெரிந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பேனரின் பின்புறத்தால் மெல்லத் தட்டிக் காட்டினார். “இதுக்கு அவசரம் ஆகாது சார், ரெண்டு மூணு நாள் ஊற வெச்சு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அப்படித்தான் எடுக்கணும். வார்ப்பிரும்புல சுத்தியலே படக்கூடாது” என்றார். வேலை தெரிந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். அந்த இடத்திலேயே முன்பணம் ரூ.9,000 செயலி வழியாகச் செலுத்தினேன், மீதி ரூ.5,500 வண்டியிலிருந்து இறக்கும்போது வாங்கிக்கொண்டார்கள். இறக்கியவர்கள் வேறு ஆட்கள். பெயின்ட் காயவில்லை, இரண்டு நாளைக்குக் கவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது கவிழ்த்த பிறகு தெரிந்தது. இடது காலில் போல்ட் ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி விரிசல். அதன்மேல் புழு ஊர்ந்ததுபோல ஒரு வெல்டிங் கோடு. நகத்தால் கீறினால் பெயின்ட் உரிந்து, கோட்டை ஒட்டியே புதிதாக இன்னொரு மயிரிழை விரிசல் தெரிகிறது. வார்ப்பிரும்பை முதலில் சூடேற்றாமல், கிரில் கதவுக்குப் போடும் சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால் பக்கத்திலேயே வெடிக்கும். அதற்கு நிக்கல் ராடும், மெதுவாக ஆறவிடும் பொறுமையும் வேண்டும். மற்றொரு காலில் மரை வெட்டிய ஓட்டை ஒன்று 5/16 அங்குலத்துக்கானது. அதில் 8 மி.மீ. போல்ட்டை அடித்து ஏற்றியிருக்கிறார்கள். தடிமனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பழைய அங்குலப் போல்ட்டுக்கு ஓர் அங்குலத்தில் 18 மரை, 8 மி.மீ. போல்ட்டுக்கு இருபதுக்கும் சற்று மேல். இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். இப்போது அந்தப் போல்ட் விரலால் தொட்டாலே ஆடுகிறது.

அழைத்தேன். எண்ணெய் விட்டுக் காட்டிய மனிதர், தாம் “எடுத்து வரும் ஆள்” மட்டுமே, வேலை செய்வது வேறு ஆட்கள் என்றார். பட்டறையில் பேசியவர், விரிசல் முன்பே இருந்தது என்றார். எடுத்துச் சென்ற அன்று அவர்களே எடுத்த படத்தில் விரிசல் இல்லையே என்று கேட்டதும், முதலாளி கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார் என்றார். அந்தக் கல்யாணம் இன்னும் முடியவில்லை. செயலிக்காரர்கள் புகார் எண் ஒன்றைக் கொடுத்து, தாங்கள் இருதரப்பையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே என்று எழுதி, புகார் “தீர்க்கப்பட்டது” என மூடிவிட்டார்கள். ரூ.14,500 வாங்கும்போது இணைப்பவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியாகப் பட்டறை தர முன்வந்தது, அடுத்த வேலையில் ரூ.500 தள்ளுபடி!

நட்டு கழற்றும் முறையை விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. எண்ணெய் விடுவதற்கு முன் வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்ட இடத்தில் நெருப்புக் காட்டாதீர்கள். அசையாத நட்டை ஹாக்சா பிளேடால் அறுத்து எடுத்துவிட்டுப் புதுப் போல்ட் போடுவது, வார்ப்பிரும்பை அடிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். வெளியில் கொடுத்தால், கழற்றிய பழைய போல்ட்டுகளைத் திருப்பிக் கேளுங்கள். அறுத்தார்களா, முறித்தார்களா என்பது அதில் தெரியும். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், பெயின்ட் காயவில்லை என்றாலும் சரி. நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகாரைப் பதிவு செய்துவிட்டேன், ரூ.14,500-க்கான ரசீதும் இரண்டு காலின் படங்களும் இணைத்திருக்கிறேன்.