ஆறடிக்கு மேல், நூறு கிலோவுக்கு மேல்: மலிவு விலை சைக்கிளில் எது தாங்கும்?

குறைந்த விலை வரிசையில் நிற்கும் சைக்கிள்களில் கண்ணை இழுப்பவை இரண்டு: தடித்த ஷாக் அப்சார்பர், '21 கியர்' என்ற ஸ்டிக்கர். நூறு கிலோவைத் தாண்டிய, ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கப் போகிறார் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு நேராகப் பின்சக்கரத்தின் பக்கம் குனிய வேண்டும். இந்த விலையில் முதலில் தோற்பது அதுதான். ஃப்ரேம் முறிவது அபூர்வம். பின்சக்கரத்தின் கம்பி அறுவதும் அச்சு வளைவதும் சகஜம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. தயாரிப்பாளர் தரும் எடை வரம்பு பெரும்பாலும் ஓட்டுபவரின் எடைக்கு மட்டுமானதல்ல. சைக்கிள், ஆள், பை எல்லாம் சேர்த்துத்தான். உதாரணமாக, ட்ரெக் நிறுவனம் தன் சாதாரண ஹைபிரிட் (சாலை சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை), மலை சைக்கிள்களுக்குச் சொல்லும் 136 கிலோ அப்படிப்பட்ட மொத்தக் கணக்கு. ஆள் 118, சைக்கிள் 14, பூட்டும் தண்ணீரும் பையும் 5 என்றால் 137 கிலோ, வரம்பு தாண்டியாயிற்று. பல மலிவு மாடல்களில் வரம்பு 100 கிலோவிலேயே நின்றுவிடும். ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் எண் எதுவும் இல்லாத சைக்கிளை இந்த எடைக்கு வாங்காமல் இருப்பதே மேல். 'அதெல்லாம் தாங்கும் சார்' என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு உத்தரவாதம் கேட்க முடியாது.

இனி சக்கரம். கம்பிகளை எண்ணுங்கள். 36 இருந்தால் நல்லது, 32 இருந்தால் சமாளிக்கலாம், 28-ம் அதற்குக் கீழும் வேண்டாம். பழைய ராட் பிரேக் கறுப்பு சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பியும் பின்சக்கரத்துக்கு 40 கம்பியும் போட்டிருப்பார்கள். பாரம் பின்னால்தான் இறங்குகிறது என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைதான், போதாக்குறைக்குப் பின்சக்கரத்தில் இன்னொரு பலவீனமும் சேர்ந்துவிட்டது. பல்சக்கர அடுக்குக்கு இடம் விட, சக்கரத்தை ஒருபுறமாக ஒதுக்கிக் கட்டுகிறார்கள். அதனால் செயின் பக்கத்துக் கம்பிகள் விறைப்பாகவும் மறுபக்கத்துக் கம்பிகள் தளர்வாகவும் நிற்கும்.

கம்பி பாரத்தால் நேரடியாக அறுவதில்லை. சக்கரம் சுழலும்போது தரைக்கு நேராக வரும் கம்பிகள் ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகுகின்றன. 47 மி.மீ. டயர் போட்ட 700சி என்ற பெரிய அளவுச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகும். ஆள் கனமாக இருந்தால் தளர்ச்சி அதிகம். கம்பி முதலிலேயே தளர்வாகக் கட்டப்பட்டிருந்தால் இன்னும் அதிகம். திரும்பத் திரும்ப வளைத்த கட்டுக்கம்பி ஒடிவது போல, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் ஓட்டைக்குள் கொக்கியாக வளையும் இடத்தில் கம்பி ஓய்ந்து ஒருநாள் 'டிங்' என்று போய்விடும். ஆகவே எண்ணிக்கைக்கு நிகராகக் கட்டிய விதமும் முக்கியம். கையால் சரியான விறைப்பில் கட்டிய 32 கம்பிச் சக்கரம், இயந்திரம் அவசரத்தில் கட்டிய 36 கம்பியைவிட நீண்ட நாள் உழைக்கும். கடையிலேயே சோதிக்கலாம்: பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகளை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விறைப்பில் எதிர்க்க வேண்டும். ஒன்று தொளதொள என்றும் அடுத்தது கல் மாதிரியும் இருந்தால், சக்கரம் கோணாமல் சுற்றினாலும் அதை நம்பாதீர்கள். ரிம் இரட்டைச் சுவர் கொண்டதா என்றும் கேளுங்கள். ஒற்றைச் சுவர் ரிம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலே பெண்டு விழும்.

ஹப்பில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. மலிவு சைக்கிள்களில் பின் பல்சக்கர அடுக்கு பெரும்பாலும் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல். அதில் வலப்பக்கத்துப் பால்ரஸ், அடுக்குக்கு உட்புறம், நடுவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஃப்ரேம் வரை அச்சுக்குத் தாங்கல் இல்லை. பல்சக்கரங்கள் ஏழு, எட்டு என்று கூடக் கூட அந்தத் தாங்கலற்ற நீளமும் கூடும். 110 கிலோ ஆள் ஒரு வேகத்தடையில் எழும்பாமல் உட்கார்ந்தே இறங்கினால் போதும், 10 மி.மீ. அச்சு மெல்ல வளையத் தொடங்கும். சக்கரத்தைச் சுற்றும்போது பல்லடுக்கு தள்ளாடுவதும், கியர் தானாகத் தாவுவதும் அதன் அறிகுறி. கேசட் வகையில் ஃப்ரீவீல் பொறி ஹப்போடு சேர்ந்தே இருக்கும். பால்ரஸ் ஃப்ரேமின் ஓரத்துக்கே வந்துவிடும். ஷிமானோ 1978-ல் இந்த ஃப்ரீஹப் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு காலமாகியும் அடிமட்ட விலைக்கு அது இறங்கவில்லை.

எது எது என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். கடைசிச் சிறிய பல்சக்கரத்துக்கு நடுவே கருவி நுழைக்கும் வரிப்பள்ளங்கள் தெரியும். பல்லடுக்கைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பள்ளங்களும் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி, பள்ளங்கள் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். விற்பவருக்கே இந்த வேறுபாடு தெரியாத கடைகள் உண்டு.

அளவு விஷயத்தில் உயரமானவர்கள் ஏமாறுவது வேறு விதம். கையிருப்பில் 18 அங்குல ஃப்ரேம்தான் இருக்கும், 'சீட்டைத் தூக்கிக்கலாம்' என்பார்கள். தூக்கிப் பார்ப்போம். சுவரில் முதுகைச் சாய்த்து, கவட்டில் ஒரு தடித்த புத்தகத்தை மேல்நோக்கி அழுத்தி, தரையிலிருந்து அளந்தால் உள்கால் நீளம் வரும். அது 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.883-ஆல் பெருக்கினால் 79.5 செ.மீ.; கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை ஏறக்குறைய இவ்வளவு வேண்டும். 18 அங்குல ஃப்ரேமில் சீட் குழாய் 45.7 செ.மீ., சீட்டின் தடிமனுக்கு 5 செ.மீ. கழித்தால், சீட் தண்டு கிட்டத்தட்ட 29 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். தண்டின் நீளம் 35 என்றால் உள்ளே மிஞ்சுவது 6 செ.மீ. தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு வெளியே வந்துவிடும். 110 கிலோ அந்த நெம்புகோலின் உச்சியில் உட்கார்ந்தால், மேல் பாரும் சீட் குழாயும் சேரும் வெல்டிங்கில்தான் விரிசல் விடும். 21 அங்குல ஃப்ரேமில் அதே தண்டு 14 செ.மீ. அளவுக்கு உள்ளே இருக்கும், பயமில்லை.

எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேல் பாரின் நீளத்தையும் ஹேண்டிலுக்குக் கீழுள்ள முன் குழாயின் உயரத்தையும் கேட்டு ஒப்பிடுங்கள். முன் குழாய் குட்டையாக இருந்தால் உயரமானவர் ஹேண்டிலை நோக்கிக் கவிழ்ந்து கிடப்பார். கையும் கழுத்தும் மரத்துப்போகும், வயிறு தொடையில் இடிக்கும். மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் குட்டைக் கை), உயர்த்திய ஹேண்டில்பார் போட்டு 3 முதல் 5 செ.மீ. வரை மீட்கலாம். அதற்கு மேல் ஒட்டுப்போட்டுப் பிழைக்க முடியாது.

டயர் 29 அங்குலமா 700சி-யா என்று குழம்ப வேண்டாம். இரண்டுக்கும் ரிம் 622 மி.மீ. தான். உயரமானவருக்கு அதுவே பொருத்தம். அகலம் 42 முதல் 50 மி.மீ. வரை இருக்கட்டும். குறுகிய டயரில் காற்று சற்றுக் குறைந்தாலும் ரிம் ட்யூபைக் கல்லோடு நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டைப் பஞ்சர் போடும். 47 மி.மீ. டயருக்கு 110–120 கிலோ ஆள் பின்னால் 55–60 பிஎஸ்ஐ, முன்னால் 45–50 என்று தொடங்கலாம், டயர் ஓரத்தில் அச்சிட்ட உச்சத்தைத் தாண்டாமல். விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் இந்த எடைக்கு உதவாது. அளவுமானி உள்ள நிற்கும் பம்பு ஒன்று சைக்கிளோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள்.

வகை வகையாகத் தீர்ப்பு சொன்னால்:

முன்னும் பின்னும் ஷாக் உள்ள மலிவு சைக்கிள்: தொடவே வேண்டாம். பின் ஸ்பிரிங் ஒவ்வொரு மிதியிலும் உங்கள் உழைப்பை விழுங்கும். மூட்டுகளில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து பின்பாகமே ஆடத் தொடங்கும்.

முன் ஷாக் மட்டும் உள்ள மலை சைக்கிள்: அளவும் சக்கரமும் சரியாக இருந்தால் மட்டும். இந்த விலையில் வருவது சுருள் கம்பி ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை). நடுத்தர எடைக்கு ஏற்ற ஸ்பிரிங். கனத்தவர் ஏறி உட்கார்ந்ததுமே பாதி அமிழ்ந்து, பிரேக் பிடித்தால் அடி தட்டும். மேலே உள்ள திருகு ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்துமே தவிர அதன் வலுவைக் கூட்டாது. இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் இந்த அலங்காரத்தைவிட அகல டயர் நன்றாகவே அதிர்வு வாங்கும். காற்று நிரப்பும் ஃபோர்க் என்றால் கதை வேறு, ஆனால் அது இந்த விலைக்கு வராது.

ஷாக் இல்லாத, நேர் ஃபோர்க் ஹைபிரிட்: தொடக்கக்காரருக்கு முதல் தேர்வு இதுதான். ஷாக்கில் மிச்சமான பணம் ஹப்பிலும் பிரேக்கிலும் போயிருக்க வாய்ப்பு உண்டு. போயிருக்கிறதா என்று மேலே சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஷாக் இல்லாத இரும்பு மலை சைக்கிள், இரண்டாம் கையாக: பெரிய ஃப்ரேம் கிடைத்தால் கொடுத்த காசுக்கு இதுபோல் எதுவும் தாங்காது. 26 அங்குலச் சிறிய சக்கரம், குட்டைக் கம்பி, அதனால் வலுவும் கூடுதல். சீட் தண்டு துருவில் இறுகியிருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேரம். கீழ்ச்சாய்வுக் குழாய் முன் குழாயைச் சந்திக்கும் இடத்தின் அடிப்புறத்தையும், பின் அச்சு உட்காரும் காதுகளையும் துணியால் துடைத்துப் பாருங்கள். முடி போன்ற கோடோ, பெயின்ட் சுருக்கமோ தெரிந்தால் விலகிவிடுங்கள்.

பிரேக்கில் எடைக்கு ஏற்ற செலவு செய்தே ஆக வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் கிடைத்தால் மறுபேச்சு வேண்டாம். கேபிள் டிஸ்க் என்றால், மலிவு வகையில் ஒரு பக்கப் பட்டை மட்டுமே நகரும். அசையாத பக்கத்துப் பட்டை தேயத் தேயத் திருகி உள்ளே தள்ளாவிட்டால் லீவர் ஹேண்டில் வரை வந்து ஒட்டிக்கொள்ளும். மட்டமான கேபிள் டிஸ்கைவிட அலுமினிய ரிம்மை இருபுறமும் கவ்வும் நல்ல வி-பிரேக் எவ்வளவோ மேல். புது டிஸ்க் முதல் நாளே பிடிக்காது. மிதமான வேகத்திலிருந்து 20, 30 முறை, சக்கரம் பூட்டாமல் மெல்ல நிறுத்திப் பழக்க வேண்டும்.

கியர் எண்ணிக்கையை மறந்து பற்களை எண்ணுங்கள். முன்னால் மிகச் சிறியது 28, பின்னால் மிகப் பெரியது 34 என்றால் மேட்டில் முழங்கால் தப்பிக்கும். முன் 38, பின் 28 மட்டும் என்றால் மூச்சு வாங்கி இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பிளாஸ்டிக் பெடலை அன்றே மாற்றுங்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். கழற்றும்போது அவசரப்பட்டால் கிராங்கின் மரை போய்விடும். சீட் விஷயத்தில் பஞ்சு மெத்தை ஏமாற்று வேலை. கனத்த உடம்பு அதில் புதைந்து, உட்காரும் எலும்புகளுக்கு நடுவே உள்ள மென்பகுதியில் அழுத்தம் ஏறும். அகலமான, ஓரளவு இறுக்கமான சீட்தான் அரைமணிக்கு மேல் தாக்குப்பிடிக்கும். சீட் தண்டின் தலையில் இரண்டு போல்ட் உள்ள பிடி இருந்தால் மூக்கு மேலே கீழே சாயாது.

வாங்கி 100 கிலோமீட்டர் ஆனதும் கடைக்கு எடுத்துப்போய் நான்கைச் செய்யச் சொல்லுங்கள்: பின்சக்கரக் கம்பிகளைச் சமமாக இறுக்கிப் பெண்டு எடுத்தல், கிராங்க் போல்ட் இறுக்குதல், ஹப்பின் கோன் (பால்ரஸை இறுக்கும் கூம்பு நட்) சரிபார்த்தல், ஹெட்செட்டில் (முன் குழாயின் பால்ரஸ்) ஆட்டம் பார்த்தல். கிராங்க் போல்ட்டை அலட்சியம் செய்தால் சதுர ஓட்டை உருண்டையாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

வாங்கியது ஃப்ரீவீல் வண்டியாகவே இருந்துவிட்டால் சைக்கிளை மாற்ற வேண்டாம். 36 ஓட்டை கேசட் ஹப், இரட்டைச் சுவர் ரிம், 2 மி.மீ. ஸ்டீல் கம்பி போட்டுப் பின்சக்கரத்தை மட்டும் புதிதாகக் கட்டச் சொல்லலாம். பின் காதுகளுக்கு இடையே 135 மி.மீ. இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். எட்டு, ஒன்பது கியர் ஹப்பில் 4.5 மி.மீ. வளையம் ஒன்றைச் செருகினால் ஏழு பல்சக்கரக் கேசட்டே உட்காரும், கியர் மாற்றும் பழைய ஷிஃப்டரே போதும்.

ஓடும் வண்டியில் ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவது அறுந்தால் மற்றவற்றின் விறைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவதும் போனால் ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். மிச்சக் கம்பிகளும் அதே தூரம் ஓடி, அதே அளவு ஓய்ந்தவைதான். ரிம் நேராக இருந்தால் அதை வைத்துக்கொண்டு, எல்லாக் கம்பிகளையும் புதிதாகப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.