கர்லியா, விக்கிப்பீடியாவா: தன்னார்வத் தொகுப்பாளராக எங்கே சேரலாம்?

நல்ல தளம் ஒன்றைப் பார்த்ததும் ‘இது இன்னும் நாலு பேர் கண்ணில் பட வேண்டுமே’ என்று தோன்றுகிற ஆட்கள் உண்டு. நானும் அந்த ரகம்தான். அந்த எண்ணத்தோடு தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் அதை எங்கே கொடுப்பது? என் முன்னால் இரண்டு பெரிய வாசல்கள் இருக்கின்றன. ஒன்று கர்லி என்ற இணையத்தள அடைவு, அதாவது தளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியலிடும் தளம். மற்றது தமிழ் விக்கிப்பீடியா. இரண்டிலும் சம்பளம் கிடையாது. மற்றபடி அநேகமாக எல்லாமே வேறு.

கர்லியைத் தெரியாதவர்களுக்கு அதன் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். யாகூ அடைவில் சம்பளத்துக்கு இருந்த ஊழியர்கள்தான் தளங்களைப் பார்த்துச் சேர்த்தார்கள். இணையம் வளர்ந்த வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த வேலையைத் தன்னார்வலர்களிடமே விட்டுவிடலாம் என்று 1998 ஜூனில் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் ஓர் அடைவைத் தொடங்கினார்கள். முதலில் க்னூஹூ, பிறகு நியூஹூ என்று பெயர். அதே ஆண்டில் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் அதை வாங்கியது. டைரக்டரி, மொசில்லா என்ற இரண்டு சொற்களும் சேர்ந்த முகவரியிலிருந்து டிமாஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நெட்ஸ்கேப்பை ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் வாங்கியபோது அடைவும் கூடவே போனது. 2017 மார்ச்சில் ஏஓஎல் அதை மூடிவிட்டது. மூடும்போது அதில் சுமார் 38 லட்சம் தளங்களும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பிரிவுகளும் 90 மொழிகளும் இருந்தன. அதுவரை அதில் பங்களித்தவர்களின் எண்ணிக்கை 90,000ஐத் தாண்டும். அந்தத் தொகுப்பாளர்களில் ஒரு பகுதியினர் அதே தரவைக் கொண்டு தாங்களே நடத்துவதுதான் கர்லி. தமிழுக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

சரி, உள்ளே நுழைவது எப்படி? இங்கேதான் பெரிய வித்தியாசம். விக்கிப்பீடியாவில் யாரிடமும் கேட்க வேண்டாம். கணக்குகூட இல்லாமல் ‘தொகு’ என்பதை அழுத்தி எழுதத் தொடங்கலாம். கர்லியில் விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பிரிவைக் கேட்கிறீர்கள், அங்கே சேர்க்கத் தகுந்த, ஏற்கெனவே பட்டியலில் இல்லாத இரண்டு மூன்று தளங்கள் எவை என்று சொல்லி, அவற்றுக்கான தலைப்பையும் விவரிப்பையும் எழுதித் தர வேண்டும். உங்களுக்குச் சொந்தமான அல்லது நீங்கள் வேலை பார்க்கிற தளங்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூத்த தொகுப்பாளர் ஒருவர் படித்துப் பார்த்து முடிவு செய்வார். மறுத்தால் திருத்தி மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இந்தக் கெடுபிடி வீண் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடைவில் இடம் கிடைத்தால் வியாபாரத்துக்கு லாபம் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. தன் கடையைச் சேர்த்துவிட்டு எதிர்க்கடையைத் தூக்கிவிடலாம் என்று வருபவரை வாசலிலேயே அடையாளம் காண வேறு வழி இல்லை. சொந்தத் தளம் வைத்திருப்பது குற்றமில்லை. அதை மறைப்பதும் போட்டியாளரின் தளத்தை ஓரங்கட்டுவதும்தான் குற்றம். அதோடு, இந்த விண்ணப்பமே வேலைக்கு ஒரு முன்பயிற்சி. ‘தமிழின் தலைசிறந்த சமையல் தளம்! உடனே வாருங்கள்!’ என்று எழுதினால் தேற மாட்டீர்கள். ‘செட்டிநாட்டுச் சைவ, அசைவச் சமையல் குறிப்புகள், பொருட்களின் அளவோடும் படங்களோடும்’ என்று எழுதினால் நம்பிக்கை வரும். தளத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும், புகழாமல், ஒன்றிரண்டு வரியில் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், எழுதிப் பாருங்கள்.

எந்தப் பிரிவைக் கேட்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. புதியவர் ‘இந்தியா’ என்று முழுசாகக் கேட்டால் கிடைக்காது. ஒரு பிரிவைக் கொடுத்தால் அதற்குக் கீழுள்ள கிளைகளும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும் என்பதே காரணம். அதனால் தளங்கள் குறைவாக உள்ள சின்னப் பிரிவைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அப்புறம், மொழி விதியைக் கவனிக்க வேண்டும். மதுரையைப் பற்றிய ஆங்கிலத் தளம் ஆசியா, இந்தியா, தமிழ்நாடு, மதுரை என்று ஊர்வழியில் இறங்கும். அதே மதுரையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட தளம் தமிழ்ப் பிரிவுக்குள் போகும். இதைக் குழப்பினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அன்றாட வேலையைப் பொறுத்தவரை, கர்லியில் நீங்கள் எழுதுவதைவிடப் படிப்பது அதிகம். இந்தத் தளத்தைச் சேருங்கள் என்று பரிந்துரைகள் வரும். ஒவ்வொரு தளத்தையும் திறந்து, சொந்தச் சரக்கு இருக்கிறதா, வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டியதா என்று பார்க்க வேண்டும். இருக்கிற இணைப்புகளில் எவை செத்துவிட்டன என்று தேட வேண்டும். டிமாஸ் காலத்தில் ரோபோசில்லா என்ற நிரல் இதற்காகவே சுற்றி வந்தது. தமிழ்த் தளங்களுக்கு இந்தக் கவனிப்பு ரொம்பத் தேவை. இலவசமாகப் பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அங்கே குடியிருந்த பக்கங்களும் முகவரி இழந்தன. யூனிகோடுக்கு முந்தைய தஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றத்தில் இருந்த பழைய பக்கங்கள் இன்று திறந்தாலும் பல கணினிகளில் புரியாத குறிகளாகத்தான் தெரிகின்றன.

விக்கிப்பீடியாவில் நேர்மாறு. அங்கே எழுத வேண்டும், எழுதியதற்குச் சான்று காட்ட வேண்டும், யாராவது வந்து மாற்றினால் பேச்சுப் பக்கத்தில் போய்ப் பொறுமையாக விளக்க வேண்டும். வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகச் சோதனை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கர்லியில் உள்ளே வருவதற்கு முன் நடக்கும் சோதனை இங்கே வந்த பின் நடக்கிறது, அவ்வளவுதான். ஆசையாக எழுதிய கட்டுரை ‘குறிப்பிடத்தக்கமை’ இல்லை, அதாவது தனிக் கட்டுரைக்குத் தகுந்த தலைப்பு இல்லை என்று நீக்கப்படும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் துணைக்கு ஆள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகக் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அங்கே சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கர்லியில் ஒரு பிரிவுக்குள் அநேகமாக நீங்கள் தனிதான்.

வாசகரைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கூகுள் ஒரு காலத்தில் டிமாஸ் தரவைக் கொண்டே தனக்கென ஓர் அடைவு வைத்திருந்தது. தேடல் முடிவுகளிலும் டிமாஸ் விவரிப்புகள் தோன்றின. அவை வேண்டாம் என்று தள உரிமையாளர்கள் தெரிவிப்பதற்காகத் தனிக் குறிச்சொல்லே வந்தது. 2011இல் கூகுள் அந்த அடைவை மூடியது. இன்று அடைவைத் திறந்து தளம் தேடுபவர்கள் மிகக் குறைவு. தமிழ் விக்கிப்பீடியாவையோ பள்ளி மாணவரிலிருந்து செய்தி எழுதுபவர் வரை தினமும் படிக்கிறார்கள். தமிழில் எழுத வருமென்றால் என் முதல் பரிந்துரை விக்கிப்பீடியாதான்.

அப்படியானால் கர்லி எதற்கு? உழைப்பு நிலைக்குமா என்று கேட்டால் இரண்டுமே தேறும். டிமாஸ் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் இருந்ததால்தான் நிறுவனம் கதவைச் சாத்திய பிறகும் அடைவு பிழைத்தது. விக்கிப்பீடியா உரையும் அப்படித் திறந்த உரிமத்தில்தான் இருக்கிறது. ஆனால் விக்கிப்பீடியா ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுமே தவிர, அந்தப் பொருளில் உழைத்து எழுதப்பட்ட சின்னச் சின்னத் தளங்களையெல்லாம் கொண்டுபோய்க் காட்டாது. வெளியிணைப்புகளை அங்கே குறைக்கத்தான் பார்ப்பார்கள். ஓர் ஊரின் கோயில் கல்வெட்டுகளை ஒற்றை ஆளாகப் படமெடுத்துப் போட்டிருக்கும் தளத்துக்கு ஒரு மனிதர் வாசித்துப் பார்த்து இடம் கொடுப்பது அடைவில்தான்.

இரண்டும் ஒத்துவராதவர்களுக்கு மூன்றாவதாக விக்கிமூலம் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும் வேலை. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. விவாதம் குறைவு, அரை மணியில் ஒரு பக்கமாவது முடியும்.

கர்லிக்குத்தான் போவேன் என்று மனம் வைத்துவிட்டவர்கள், விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் கேட்கப்போகும் பிரிவில் ஏற்கெனவே உள்ள விவரிப்புகளில் பத்தையாவது படித்துவிடுங்கள். பிறகு விண்ணப்பத்தில் நீங்கள் சொல்லப்போகும் தளங்களைக் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். விவரிப்பை எழுதி ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் அதிலிருக்கும் பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டு அனுப்புங்கள்.